போட்டு வாறன் என்று சொல்லிவிட்டேன்

செபமாலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. நான் வீட்டிலிருந்து புறப்பட்ட நேரத்துக்கும் திரும்பிய நேரத்துக்கும் என் மகள் நடாஷா சாட்சி. மிச்சத்துக்கு ஸ்ரீதரன் தம்பி சாட்சி. மணிக்கணக்கை அந்த வாரமே ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்தேன். அந்தத் தாள் இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். ஆனால் இனிமேல் வயதான ஒருவரின் வாசலில் நின்று விடைபெறும்போது, வாயிலிருந்து என்ன சொல் வருகிறது என்று ஒருதரம் கவனியுங்கள்.

1995, மார்ச் 17. வெள்ளிக்கிழமை.

ஐரிஷ் மக்களுக்கு அது புனித பத்திரிசியார் திருநாள். ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலை ஒரு காலத்தில் கட்டி எழுப்பியவர்கள் அவர்கள்தான். இப்போது அவர்களில் மிஞ்சியிருப்பது முப்பது நாற்பது வயதானவர்கள். வருடந்தோறும் அந்தத் திருநாளன்று கோயிலின் கீழ் மண்டபத்தில் ஒரு விருந்து வைப்பார்கள். உப்பில் ஊறவைத்து அவித்த மாட்டிறைச்சி, முட்டைக்கோவா, உருளைக்கிழங்கு. பிறகு பாட்டு. பாத்திரம் தூக்கவும் மேசை போடவும் அவர்களுக்கு ஆள் போதாமல், அந்த வருடம்தான் முதன்முறையாக எங்களைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் பக்கத்துப் பொறுப்பு அமிர்தநாதர் அண்ணைக்கு. யாழ்ப்பாணத்தில் பத்திரிசியார் கல்லூரியில் படித்தவர். அறுபத்திரண்டு வயதிலும் "நான் பற்றிக்ஸ் பெடியன்" என்றுதான் சொல்லித் திரிவார். அன்றைக்குப் பச்சைக் கழுத்துப்பட்டி வேறு.

எனக்கு ஒரேயொரு சங்கடம்.

"அண்ணை, தவக்காலத்து வெள்ளியில மாட்டிறைச்சியோ? தொண்டையால இறங்குமோ?"

"ஃபாதர் சொல்லிப்போட்டார் பிள்ளை. இண்டைக்குச் சாப்பிடலாமாம். பதிலுக்கு ஒரு நல்ல காரியம் செய்தால் சரியாம்."

"நான் சாப்பிடாமலே நல்ல காரியம் செய்யிறன்."

"அப்ப உமக்கு ரெண்டு புண்ணியம். இந்தாரும், இதைக் கொண்டு போய்க் குடும்."

மண்டபத்துக்கு வரமுடியாத முதியவர்களுக்கு வீடு தேடிச் சாப்பாடு கொடுப்பது அந்த நல்ல காரியம். ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு பச்சைக் கடதாசி இலை. ஷம்ரொக் என்கிற அந்த மூவிலைதான் திருநாளின் அடையாளம். முதல் நாள் இரவு நானும் நடாஷாவும் இருந்து நாற்பது இலை வெட்டியிருந்தோம். எல்லாவற்றையும் நாலு இதழாக வெட்டிவிட்டோம். ஐரிஷ் அம்மா ஒருவர் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மூன்றுதானாம். பிதா, சுதன், பரிசுத்த ஆவி.

"அப்ப நாலாவது ஆர், அருள்மலர்?" என்றார் அமிர்தநாதர் அண்ணை. "வேற ஏதும் ஆவியோ?"

எல்லோரும் சிரித்தோம். கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு இதழாக நறுக்கினோம். அவசரத்தில் ஒன்று தப்பிவிட்டது. அந்த ஒன்று என் பைக்குள் இருந்த தட்டின் மேல் ஒட்டியிருந்தது.

எனக்குக் கிடைத்த விலாசம் டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்கு எதிர்க் கட்டடம். இடையில் ஒரு கார்த் தரிப்பிடம் மட்டும். நாலு வருடமாக எதிரே இருந்தும் அந்த மனிதரை நான் கண்டதில்லை. அமிர்தநாதர் அண்ணை காரில் கொண்டுபோய் இறக்கினார்.

மாலை 4.20. பதினான்காம் மாடி. 1407.

கதவைத் திறந்தவர் மிஸ்டர் டெம்ப்சி. எண்பது வயதிருக்கும். நல்ல உயரம். பழுப்புக் கோட் போட்டு, தலை வாரி, திருநாளுக்கு உடுத்தித் தயாராக நின்றார். ஆனால் போக இடமில்லை. இரண்டு கைகளும் ஊன்றி நடக்கிற நடைச்சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. சுவரில் திருஇருதய ஆண்டவர் படம். அதன் கீழே ஒரு சின்னச் சிவப்பு மின்விளக்கு. எங்கள் வீட்டிலும் அப்படியே ஒன்று எரிகிறது. அதைக் கண்டதும் என் மனம் இளகிவிட்டது.

அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை. என்னுடையது அவருக்கு அதைவிடக் குறைவாகத்தான் விளங்கியிருக்கும். கடதாசி இலையைக் கையில் எடுத்தார். நாலு விரலைக் காட்டினார். இல்லை என்று தலையசைத்துச் சிரித்துவிட்டு, ஒரு இதழைக் கிழித்துப் போட்டார். மிச்சம் மூன்றையும் கோட்டில் ஊசியால் குத்திக்கொண்டார்.

பிறகு கதிரையைக் காட்டினார். இரு, சாப்பிடு என்கிறார். நிறையச் சொன்னார். அதில் "அலோன்" என்ற சொல் மட்டும் இரண்டுமுறை தெளிவாக விளங்கியது. திருநாளில் தனியே சாப்பிடக்கூடாது என்கிறார்.

மணியைப் பார்த்தேன். 4.35. ஐந்தரைக்குக் கோயிலில் தமிழ்ச் சிலுவைப்பாதை. கீழே கார் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த இறைச்சி. அவர் மனம் நோகாமல் எப்படிப் புறப்படுவது என்று தெரியவில்லை. சிரித்தேன். கதவடிக்கு வந்து, எந்த வீட்டு வாசலிலும் சொல்வதையே சொன்னேன்.

எங்கள் சனம் வாசலில் நின்று 'போறன்' என்று சொல்லாது. அது திரும்பி வராதவர் சொல்லும் சொல். 'போட்டு வாறன்' என்போம், போய்விட்டு வருகிறேன் என்று. நிற்கிறவர் 'போட்டு வாங்கோ' என்பார். அவ்வளவுதான். வருவதும் வராததும் வேறு விஷயம். நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன்.

"ஓகே மிஸ்டர் டெம்ப்சி. ஐ கோ அண்ட் கம்."

அவர் முகம் மாறியது. கண் இரண்டும் விரிந்தன.

"யூ வில்?"

"யெஸ், யெஸ்" என்றேன்.

லிஃப்ட் வரும்வரை நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் நடைச்சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஒரு கதிரையைக் கதவடிக்கு இழுத்துக்கொண்டிருந்தார். கால் ஆறுவதற்காக்கும் என்று நினைத்தேன்.

ஐந்தரைக்குச் சிலுவைப்பாதை தொடங்கியது. ஐந்தாம் நிலையில், சீரேன் ஊர்ச் சீமோன் சிலுவை சுமக்க உதவும் இடத்தில், எனக்கு மனம் நிற்கவில்லை. எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்ததுபோல. திரும்பித் திரும்பிக் கோயில் கதவையே பார்த்தேன். அப்போது மணி 5.45. பிறகு மண்டபத்தில் விருந்து. பரிமாறினேன், கழுவினேன், பாட்டுக்குக் கைதட்டினேன். கை தன் வேலையைச் செய்தது. மனம் வேறெங்கோ அலைந்தது.

வீட்டுக்கு வர 7.40. என் கணவருக்கு மிசிசாகாவில் பின்னேர வேலை. நடாஷா மட்டும் இருந்தாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பாண் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அந்த ஓல்ட் மேனுக்குக் குடுத்தீங்களா? வாட் டிட் ஹீ ஸே?"

"இருந்து சாப்பிடச் சொன்னவர். அவர் கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்ல. ஐ கோ அண்ட் கம் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

அவள் வாய் நின்றது. "என்ன சொன்னீங்க?"

"ஐ கோ அண்ட் கம்."

"அம்மா! தட் மீன்ஸ் யூ ஆர் கமிங் பேக். நீங்க திரும்பி வருவீங்க எண்டு அவர் பார்த்துக்கொண்டு இருப்பார்."

"அது சும்மா சொல்லுறது பிள்ளை."

"தமிழில சும்மா. இங்கிலிஷில சும்மா இல்ல."

அந்தக் கதிரை நினைவுக்கு வந்தது. கதவடிக்கு இழுத்த கதிரை.

சோபாவில் இருந்தேன். எழும்பினேன். திரும்ப இருந்தேன். ஜன்னலால் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தேன். கீழிருந்து ஒவ்வொரு மாடியாக எண்ணினேன். பதினான்காவதில் ஒரு ஜன்னல் இருட்டாக இருந்தது. அந்த இருட்டுக்குள் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. நான் வருவேன் என்று விளக்குக்கூடப் போடாமல் ஒரு கிழவர் சாப்பாட்டை ஆறவிட்டுக் காத்திருக்கிறார். செய்யப்போனது நல்ல காரியம். செய்துவிட்டு வந்தது பெரிய பிழை. அதைத் திருத்தாமல் அன்றிரவு என்னால் செபமாலை சொல்ல முடியாது.

8.05. கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கார்த் தரிப்பிடத்தில் உருகிய பனி மறுபடி உறைந்திருந்தது. காலடியில் நொறுங்கியது. கறுக்... கறுக்...

8.10. எதிர்க் கட்டடத்தின் வாசல். வீட்டிலக்கத்தை அழுத்தினால் மேலே தொலைபேசி அடிக்கும். அவர்கள் யாரென்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள்.

ஒன்று. நாலு. பூச்சியம்.

ஏழை நான் இன்னும் அழுத்தவில்லை.

ட்ர்ர்ர்... என்று கதவு திறந்துகொண்டது.

யாரோ உள்ளே வருவதற்குத் திறந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

8.13. பதினான்காம் மாடி. ஒவ்வொரு கதவின் கீழாலும் ஒவ்வொரு மணம் வந்தது. தாளிதம். பொரித்த மீன். சவர்க்காரம். 1407க்குக் கிட்டப் போகப் போக, எந்த மணமும் இல்லை. நாற்றமும் இல்லை. ஒன்றுமே இல்லை.

கதவு நாலு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே கதவோரம் அந்தக் கதிரை. வெறுமையாக.

"மிஸ்டர் டெம்ப்சி?"

"வா. உனக்காகத்தான் இருக்கிறேன்."

சாப்பாட்டு மேசையில் இருந்தார். மின்விளக்கு எதுவும் எரியவில்லை. திருஇருதயப் படத்தின் கீழே அந்தச் சிவப்பு விளக்கு மட்டும். மேசையில் இரண்டு தட்டுகள். நான் கொண்டுவந்த ஒரு சாப்பாட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பிந்திவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்."

"வருவாய் என்று தெரியும். சொல்லிவிட்டுத்தானே போனாய்."

இருந்தேன். அவர் ஒரு தட்டை என் பக்கம் தள்ளினார். இறைச்சி. தவக்காலத்து வெள்ளி. பத்து வயதிலிருந்து ஒருமுறைகூட நான் மீறாத விரதம். அவருடைய முகத்தைப் பார்த்தேன். மூன்றரை மணித்தியாலம் காத்திருந்த முகம். ஆண்டவர் என்னிடம் கேட்பது எதுவென்று அந்த நேரத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஓரத்தில் சின்னத் துண்டொன்றை வெட்டி வாயில் வைத்தேன்.

உப்பே இல்லை.

உப்பில் ஊறிய இறைச்சி. அதில் உப்பு இல்லை. எந்த ருசியும் இல்லை. பல்லில் பட்ட இடம் பனிக்கட்டிபோல விறைத்தது. எப்படியோ விழுங்கினேன்.

அவர் சாப்பிடவில்லை. நான் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறை குளிராக இருந்தது. வெளியே இருந்ததைவிடக் குளிர். பேசும்போது என் வாயிலிருந்து புகை போனது. அவரும் பேசினார். தன் தாயைப் பற்றி. கப்பலைப் பற்றி. திருநாளன்று யாரும் தனியே சாப்பிடக்கூடாது என்பதைப் பற்றி.

அவர் வாயிலிருந்து புகை வரவில்லை.

குசினியில் கேத்தல் ஊதத் தொடங்கியது. வீ...ஈ...ஈ...

"தேநீர்" என்றார்.

எழும்பிப் போனேன். கையைக் கிட்டக் கொண்டுபோனேன்... சத்தம் நின்றது.

அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கேத்தல் காலி.

திரும்பினேன். அவர் அதே கதிரையில்தான் இருந்தார். கோட்டில் கடதாசி இலை. சிவப்பு வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தது.

எண்ணினேன்.

ஒன்று... இரண்டு... மூன்று...

நாலு.

ஒன்றை அவர்தான் கிழித்தார். என் கண் முன்னால்.

நடைச்சட்டத்தைத் தேடினேன். எங்கும் இல்லை.

8.31.

"நேரமாகுது. மகள் தனிய" என்றேன்.

அவர் எழும்பினார். எதையும் பிடிக்காமல். நேராக.

என்னோடு கதவுவரை வந்தார். எனக்கு என் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

வாசல் கடந்தேன். பயத்தில் வாய் தன்பாட்டுக்கு எதையோ சொன்னது. அவரும் பதில் சொன்னார். கதவு சாத்திக்கொண்டது.

க்ளிக்.

லிஃப்ட் இறங்கியது. பன்னிரண்டு. பதினொன்று. பத்து. ஒன்பதாம் மாடியில்தான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது ஆங்கிலம் இல்லை.

"சரி... போட்டு வாறன்" என்றிருக்கிறேன்.

அவர் சொன்னது...

"ஓம். போட்டு வாங்கோ."

வீட்டுக்கு வந்தபோது 8.40. பல்லு அடித்துக்கொண்டிருந்தது. நடாஷா தேத்தண்ணி போட்டுத் தந்தாள். என்ன கதைத்தவர் என்று கேட்டாள். தாய், கப்பல், திருநாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பின்னேரம் ஒண்டும் விளங்கேல்ல எண்டு சொன்னீங்க. இப்ப எப்பிடி எல்லாம் விளங்கினது?"

அந்தப் பதினெட்டு நிமிடமும் அவர் எந்த மொழியில் பேசினார் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கார்த் தரிப்பிடத்தில் ஸ்ரீதரன் தம்பி மறித்தார். எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சூப்பர் அவர்தான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை 1407க்குக் கோயில் சாப்பாடு கொண்டு வந்தது நீங்கள்தானே? அந்த மனுசன் செத்துப்போச்சு."

"எப்ப?"

"அண்டைக்கேதான். ஆறு அஞ்சுக்கு நான் கண்டன். கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு, கதவடியில கதிரையில இருந்தபடி. வெளியில ஆரையோ பார்த்துக்கொண்டு இருந்தமாதிரி. உயிர் போய்க் கால் மணித்தியாலம், இருபது நிமிசம் இருக்கும் எண்டு அம்புலன்ஸ்காரர் சொன்னவை."

5.45. ஐந்தாம் நிலை.

"உடம்பை ஏழு மணிக்குக் கொண்டு போயிட்டினம்" என்றார் ஸ்ரீதரன். "மெயின் சுவிச்சை நிப்பாட்டி, கதவைப் பூட்டினது நான். திறப்பும் என்னட்டத்தான்."

நான் நிமிர்ந்து பதினான்காம் மாடியைப் பார்த்தேன்.

"இன்னொண்டு அக்கா. மேசையில ரெண்டு தட்டு இருந்தது. நான் பூட்டேக்க ரெண்டும் தொடாமல் கிடந்தது. இண்டைக்குக் காலமை அவரின்ர மருமகன் வந்தார், திறந்துவிட்டன். ஒரு தட்டில ஓரத்தில சின்னத் துண்டு ஒண்டு வெட்டுப்பட்டிருக்கு. வழுவழுவெண்டு. எலியெண்டு சொல்லுறார் மருமகன். எலி கத்தி பிடிக்குமோ அக்கா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்ததாகத்தான் நினைவு.

அடக்கப் பூசைக்குப் போனேன். அவருடைய ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன். அதோடு முடிந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தக் கோடையில் 1407க்கு மயூரி என்ற இளம் பெண் கணவனோடு குடிவந்தாள். சைவப் பிள்ளை. நல்ல பிள்ளை. உடுப்புத் தோய்க்கும் இடத்திலும் பஸ் தரிப்பிலும் கண்டு பழக்கம். வீண் பயம் எதற்கு என்று நான் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கிழமை, புதன்கிழமை, அவளே சொன்னாள்.

"அக்கா, போன வருசம் எங்கட வீட்டில ஒண்டு நடந்தது. சொன்னால் சிரிப்பீங்கள். ரிவியில பச்சை உடுப்புக்காரரின்ர ஊர்வலம் போட்ட நாள். எட்டு மணி தாண்டிப் பத்து நிமிசம் இருக்கும். கதவுக்குச் சங்கிலி போட்டுத்தான் இருந்தனான். பார்த்தால் கதவு நாலு விரல் திறந்து கிடக்கு. சாப்பாட்டு மேசைக் கதிரை ஒண்டு கதவடியில இருக்கு. வெளியில பார்த்தபடி."

"உம்மட மனுசன் வைச்சிருப்பார்."

"இவர் வேலையில அக்கா. பிள்ளை தொட்டில்ல."

இன்று 1997, மார்ச் 16. நாளை திங்கட்கிழமை. மயூரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் அழுதாள். பிறகு, மேசையில் அவருக்கென்று மூன்றாவது தட்டு வைப்பதாகச் சொன்னாள். எட்டு மணிக்கு நான் போவேன். தன் சாப்பாட்டில் பாதியை எனக்குப் பிரித்துவைத்த மனிதர் எனக்குக் கெடுதல் செய்வார் என்று நான் நம்பவில்லை. அவர் என் சொல்லை நம்பினார், அவ்வளவுதான். போவேன், இருப்பேன், சாப்பிடுவேன். அதில் பயமில்லை.

பயம், மேசையை விட்டு எழும்பிவரும் நேரத்தைப் பற்றித்தான்.

வாசலில் நின்று 'போறன்' என்று சொல்லவேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அவர் கதிரையை விட்டு எழும்பிவிடுவார் என்று நினைக்கிறேன். மூன்று நாளாக வீட்டுக்குள் நடந்து நடந்து சொல்லிப் பழகுகிறேன். குசினியில் வருகிறது. படுக்கையறையில் வருகிறது.

கதவடிக்கு வந்ததும் என் நாக்கு மற்றதைத்தான் சொல்கிறது...